குளிர் தாங்கும் பிகோனியாவும் அதன் இரண்டு பெயர்களும்

எங்கள் பள்ளி நடைவழியின் ஓரத்தில், நேர்வெயில் படாத இடத்தில், மாணவர்கள் சில பிகோனியாச் செடிகளைப் பூச்சாடிகளில் வளர்த்து வருகின்றனர். அவற்றுக்குப் பெயர்ப்பலகை எழுதும் வேளையில் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி, "ஐயா, பிகோனியா என்றால் என்ன பொருள்?" என்று கேட்டாள். அது ஒரு பிரெஞ்சு அதிகாரியின் பெயரிலிருந்து வந்தது என்றேன். "அவர் என்ன செய்தார்?" என்றாள். செடிகளை விரும்பியவர் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். அவ்விடை பாதி விடைதான் என்பது வீடு திரும்பி நூல்களைப் புரட்டியபோதுதான் தெரிந்தது.

மிசேல் பெகோன் (1638–1710) பதினான்காம் லூயி மன்னரின் அதிகாரி. 1682 முதல் 1685 வரை கரீபியக் கடலின் பிரெஞ்சுத் தீவுகளை நிருவகித்தவர். நூல்களையும் பழங்காசுகளையும் சேர்த்தவர், தாவர ஆர்வலர். அத்தீவுகளின் செடிகொடிகளை ஆராய சார்ல் புளூமியே என்னும் துறவியை அனுப்பும்படி பரிந்துரைத்தவரும் அவரே. புளூமியே நன்றி மறக்கவில்லை. தாம் அங்குக் கண்ட ஒரு செடி வகைக்குப் பிகோனியா என்று பெயரிட்டு, 1703-இல் வெளியிட்ட தம் நூலில் பதிந்தார். லின்னேயசு 1753-இல் அப்பெயரை ஏற்றுக்கொள்ள, அது உலகெங்கும் நிலைத்தது.

மறுபாதி இது. கரும்புத் தோட்டங்களில் உழைத்த ஆப்பிரிக்க அடிமைகளை ஆள்வதற்கென 1685-இல் பிரான்சு 'கறுப்புச் சட்டம்' இயற்றியது. ஒரு மாதம் ஓடிப்போன அடிமையின் காதுகளை அறுத்துத் தோளில் சூடு போட வேண்டும். மூன்றாம் முறை ஓடினால் கொல்ல வேண்டும் என்றது அது. அச்சட்டத்துக்கான முன்வரைவுகளைத் தீவுகளிலிருந்து எழுதி அனுப்பியவர்களுள் பெகோனும் ஒருவர். 1848-இல் அங்கு அடிமைமுறை ஒழிந்தபின், அதே கரும்பு வெட்டுவதற்கு 1853-இல் மார்த்தினிக்கிற்கும் 1854-இல் குவாதலூப்பிற்கும் ஒப்பந்தக் கூலிகள் கப்பலேறினர். அவர்களுள் தமிழர் பலர். தோட்டப்புறத்தில் பிறந்தவன் நான். இதைப் படித்தபின் அந்தப் பூச்சாடிகளைப் பழைய கண்ணோடு பார்க்க இயலவில்லை.

ஆனால், பிகோனியாவின் வரலாறு பெகோனோடு தொடங்கியதன்று. புளூமியே கரீபியத் தீவுகளில் அலைந்த அதே காலத்தில், 1690 முதல் 1692 வரை, எங்கெல்பெர்ட் கேம்ஃபர் என்ற செருமானிய மருத்துவர் சப்பானின் நாகசாக்கியில் இருந்தார். அங்கு மக்கள் 'சூக்காய்தோ' என்றழைத்த ஒரு செடியை அவர் குறித்துக்கொண்டார். 1712-இல் வெளிவந்த அவருடைய நூலில் அப்பெயர் இடம்பெற்றுள்ளது. கவிஞர் பாஷோவும் அப்பூவைப் பாடியிருக்கிறார். அச்செடி சப்பானுக்குச் சீனாவிலிருந்து வந்தது. சீனத்தில் அதன் பெயர் 'சியூ ஹாய்தாங்', அதாவது இலையுதிர்காலத்து ஹாய்தாங். (ஹாய்தாங் என்பது ஆப்பிள் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பூமரம்.) 1791-இல் திரியாண்டர் என்ற சுவீடிய அறிஞர் அதற்குப் பிகோனியா கிராண்டிசு என்று பெயர் சூட்டினார்.

சீனர்கள் அதற்கு 'நெஞ்சை அறுக்கும் மலர்' என்னும் பொருள்பட இன்னொரு பெயரும் வைத்துள்ளனர். வாராத ஒருவனை எண்ணி ஒரு பெண் வடக்குச் சுவரின் அடியில் நின்று அழுதாளாம். கண்ணீர் விழுந்த இடத்தில் இச்செடி முளைத்ததாம். இக்கதையை முதன்முறை படித்தபோது வழக்கமான சோகக் கதை என்றே கடந்துபோனேன். பின்னர்தான் அதற்குள் தோட்டக்கலைப் பாடமே இருப்பது புரிந்தது. அந்நாடுகளில் வீட்டின் வடக்குச் சுவரோரம் வெயில் குறைவு. மண் ஈரமாகவே இருக்கும். பிகோனியா கிராண்டிசு கேட்பது அதைத்தான்: நிழல், இலைமக்கு கலந்த மண், தேங்கி நிற்காத ஈரம்.

பிகோனியாக்களில் பெரும்பாலானவை உறைபனி பட்டால் மடிந்துவிடும். இச்செடியோ குளிர்காலத்தில் தரைக்கு மேலே வாடி, மண்ணுக்குள் கிழங்காக உறங்குகிறது. அது போதாதென்று, இலைக்காம்பின் கக்கத்தில் பயற்றளவுக் குறுங்கிழங்குகளை ஈன்று உதிர்க்கிறது. அடுத்த வசந்தத்தில் ஒவ்வொன்றும் ஒரு செடி. 1804-வாக்கில் இங்கிலாந்தை அடைந்த அது அந்நாட்டுத் தோட்டங்களின் நிழலில் நிலைபெற்றதற்கு இதுவே காரணம். தொட்டியில் வளர்ப்போர்க்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. தரையில் மண்ணே கிழங்குக்குப் போர்வை. தொட்டியிலோ நாற்புறமும் குளிர் ஏறும். ஆகவே குளிர்காலத்தில் தொட்டியைப் பனி புகாத இடத்துக்கு நகர்த்தி, ஏறக்குறைய காயவிட வேண்டும். நம் நாட்டுச் சமவெளியில் அதற்கு உறங்கக் குளிர்காலமே இல்லை. பெற்றோர்கள் ஆசைப்பட்டு வாங்கி ஏமாற வேண்டா.

இன்னொரு செய்தி ஆசிரியர்களுக்குப் பயன்படும். பிகோனியா இலையின் ஒரு பக்கம் பெரிது, மறுபக்கம் சிறிது. சீனக் குடியரசுக் காலத்தில், மங்கோலியாவையும் சேர்த்து வரைந்த தம் நாட்டு வரைபடத்தைச் சீனர்கள் இவ்விலைக்கு ஒப்பிட்டனர். 1946-இல் மங்கோலியாவின் விடுதலையை அவ்வரசு ஏற்றது. இன்றைய சீன வரைபடத்தைச் சேவலுக்கு ஒப்பிடுகிறார்கள்.

மறுநாள் அம்மாணவியை அழைத்து, காதறுத்ததை மட்டும் விடுத்து, மற்றவற்றைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் நின்றாள். பிகோனியா இனம் முழுவதற்கும் சீனத்தில் சியூ ஹாய்தாங் என்றே பெயர் என்றதும், பலகையில் பாதி இடத்தை வெறுமையாக விட்டாள். அந்த எழுத்துகளைச் சீனப்பள்ளியில் படிக்கும் பக்கத்து வீட்டுத் தோழியிடம் எழுதி வாங்கி வருவாளாம்.