விதி இருந்தது, பயிற்சி இல்லை
1935 மே 31 அதிகாலையில் குவெட்டா நகரம் நிலநடுக்கத்தில் தரைமட்டமானபோது, எஸ். எல். குமார் என்ற ரயில்வே பொறியாளர் நடுக்கத்தைத் தாங்கும்படி வடிவமைத்த குடியிருப்புகள் நின்றன. ஆக, வழி அப்போதே தெரிந்திருந்தது. 1960-ல் ரூர்க்கியில் நிலநடுக்கப் பொறியியலுக்கென்று ஆய்வுப் பயிற்சிப் பள்ளி வந்தது, 1962-ல் நடுக்கம் தாங்கும் கட்டட வடிவமைப்புக்கான ஐ.எஸ். 1893 தரவிதியும் வந்தது. அதன் பிறகும், 2001 ஜனவரி 26 நிலநடுக்கத்தில், அதன் மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் சரிந்தன.

கட்டியவர்களின் பேராசைதான் காரணம் என்பார்கள். அதிலும் உண்மை உண்டு. ஆனால் கார் நிறுத்துவதற்காகத் தரைத்தளத்தைச் சுவரின்றி வெறும் தூண்களில் விட்ட வரைபடம் பேராசையில் மட்டும் பிறந்ததல்ல. அந்தத் தளம்தான் முதலில் முறியும் என்பது பல பொறியாளர்களின் பாடத்திலேயே இல்லை. கல்லூரி ஆசிரியர்களுக்கே நிலநடுக்கப் பொறியியலைக் கற்றுத்தரும் தேசியத் திட்டத்தை மத்திய அரசு 2003-ல்தான் தொடங்கியது. விதி வந்து அப்போது 41 ஆண்டுகள் ஆகியிருந்தன.