ஓட்டுநரும் நடத்துநரும்



"உடற்பயிற்சிக்கு நேரம் எங்கே ஐயா? விடிந்தது முதல் இரவுவரை ஓட்டம்தான்" என்று பெற்றோர் பலர் கூறக் கேட்டிருக்கிறேன். அவ்வோட்டத்தின் பெரும்பகுதி அமர்ந்தபடியே நிகழ்கிறது. அலுவலக நாற்காலி, மகிழுந்தின் இருக்கை, பிள்ளையின் டியூஷன் முடியும்வரை காத்திருப்பு, பின்னர் வீட்டுச் சோபா. உடல் களைப்பது வேறு, உடல் அசைவது வேறு. இவ்வேறுபாட்டைக் கணக்கெடுத்துக் காட்டிய பெருமை இலண்டனின் இரண்டடுக்குப் பேருந்துகளுக்கு உண்டு.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனில் நடுத்தர வயது ஆண்கள் மாரடைப்பால் இறப்பது பெருகி வந்தது. 1948இல் தொடங்கப்பட்ட சமூக மருத்துவ ஆய்வுப் பிரிவில் பணியாற்றிய மருத்துவர் ஜெரி மோரிஸ், செய்யும் தொழிலுக்கும் இந்நோய்க்கும் தொடர்புண்டா என ஆராய்ந்தார். அதற்காக இலண்டன் போக்குவரத்து நிறுவனத்தில் பணிபுரிந்த, 35 முதல் 64 வயதுவரையிலான சுமார் 31,000 ஆண்களின் உடல்நலப் பதிவுகளை அவருடைய குழுவினர் எடுத்துக்கொண்டனர்.

ஒரே பேருந்து, ஒரே வழித்தடம், ஏறத்தாழ ஒரே சமூகப் பின்னணி. ஆயினும் ஓட்டுநர் தம் பணிநேரத்தில் பத்தில் ஒன்பது பங்கை அமர்ந்தே கழித்தார். நடத்துநரோ பயணச்சீட்டு கொடுப்பதற்காக மேல்தளத்துக்கும் கீழ்த்தளத்துக்குமாக நாளொன்றுக்குச் சுமார் 600 படிகள் ஏறினார். 1953ஆம் ஆண்டு நவம்பரில் 'லான்செட்' மருத்துவ இதழில் முடிவுகள் வெளியாயின. இருதய நோய் ஆண்டுக்கு ஆயிரம் ஓட்டுநர்களில் 2.7 பேரையும், ஆயிரம் நடத்துநர்களில் 1.9 பேரையும் தாக்கியிருந்தது. நோயுற்ற நடத்துநர்களுக்கும் அது காலந்தாழ்த்தியே வந்தது. உயிரைப் பறிப்பதும் குறைவாக இருந்தது.

நெரிசலில் வண்டி ஓட்டும் மன அழுத்தமே காரணமாக இருக்கலாம் என்று எவரும் கேட்கக்கூடும் அல்லவா? மோரிஸ் அதையும் எண்ணியிருந்தார். அஞ்சல்துறையில் நடந்தும் மிதிவண்டியிலும் கடிதம் கொண்டு சென்றவர்களையும், அதே துறையில் அமர்ந்து பணியாற்றிய எழுத்தர்களையும் தொலைபேசி இணைப்பாளர்களையும் ஒப்பிட்டார். அங்கும் அசைந்தவர்களின் இருதயமே நலமாக இருந்தது.

இவ்வாய்வில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி இனிமேல்தான் வருகிறது. தொடக்கத்திலேயே பருமனாக இருந்தவர்கள்தாம் ஓட்டுநர் பணியைத் தேடிச் சென்றார்களோ என்ற ஐயம் எழுந்தது. விடை தேடி அவர்கள் சீருடைக் கணக்குகளைப் புரட்டினார்கள்! நிறுவனம் தைத்துக் கொடுத்த காற்சட்டைகளின் இடுப்பளவு அவற்றில் இருந்தது. 1956இல் வெளியான அக்கட்டுரை, இளம் வயதிலேயே ஓட்டுநர்களின் இடுப்பு சற்றுப் பெரிதாக இருந்ததை மறைக்காமல் ஒப்புக்கொண்டது. தம் கருத்துக்கு எதிரான சான்றைத் தாமே தேடிச் சென்று அச்சிட்ட அந்த நேர்மையை மாணவர்களுக்கு அறிவியல் பாடத்தில் சொல்லலாம். பிற்கால ஆய்வில், ஒத்த இடுப்பளவு உடையவர்களிடையேயும் ஓட்டுநருக்கே ஆபத்து மிகுதி எனத் தெரியவந்தது.

இந்த எண்ணம் முற்றிலும் புதியதன்று. 1700இலேயே இத்தாலிய மருத்துவர் ரமஸ்ஸினி, தையற்காரர் போன்று அமர்ந்து தொழில் செய்வோர் விடுமுறை நாளிலாவது உடலை இயக்க வேண்டும் என எழுதினார். கணக்குத்தான் 250 ஆண்டுகள் கழித்து வந்தது.

தொழிலிலிருந்து உடலுழைப்பு மறைந்து வருவதைக் கண்ட மோரிஸ், 1968 முதல் மேசைப்பணி புரிந்த சுமார் 17,000 அரசு ஊழியர்களின் ஓய்வுநேரத்தை ஆராய்ந்தார். வெள்ளி, சனிக்கிழமைகளில் என்ன செய்தீர்கள் என்று திங்கட்கிழமை காலையில் எழுதி வாங்கினார்கள். ஓய்வுநேரத்தில் கடும் உடற்பயிற்சி செய்தவர்களுக்கு இருதய நோய் வெகுவாகக் குறைந்திருந்ததை 1973இல் வெளியிட்டனர். மோரிஸ் 2009இல், தமது 99ஆம் வயதில் காலமானார்.

நம் நாட்டில் தோட்டப்புறத்தில் பால்மரம் வெட்டிய நம் தாத்தா பாட்டிகளுக்கு நடை என்பது வேலையின் உள்ளேயே இருந்தது. அவ்வாழ்க்கையின் துன்பங்களை நான் மறக்கவில்லை. அது திரும்ப வேண்டும் என்றும் கூறவில்லை. ஆனால் நம் வேலையில் நடத்துநரின் படிக்கட்டு இல்லை. நம்மில் பெரும்பாலோர் இன்று ஓட்டுநர்களே.

உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டி, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலியக்கத்தைப் பரிந்துரைப்பதோடு, அமர்ந்திருக்கும் நேரத்தைக் குறைக்கவும் கூறுகிறது. ஒரேயடியாகப் பத்து நிமிடமேனும் செய்தால்தான் கணக்கு என்ற பழைய விதியும் அதில் இல்லை. நேரமில்லாத பெற்றோருக்கு இது நல்ல செய்தி. இரண்டு நிமிடப் படியேற்றமும் கணக்கில் சேரும்.

பள்ளி முடியும் வேளையில், நுழைவாயிலை ஒட்டி வண்டிகள் நெடுநேரம் வரிசையாக நிற்கின்றன. உள்ளே பெற்றோர் கைத்தொலைபேசியுடன் அமர்ந்திருக்கிறார்கள். திடலின் மறுகோடியில் நிறுத்திவிட்டு நடந்து வந்தால் போக வர ஐந்தாறு நிமிடம் ஆகும், பிள்ளையுடன் பேசவும் வாய்க்கும். அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதை முன்மொழியலாம் என்றிருக்கிறேன். மழைக்காலத்தில் என்ன செய்வது என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள்.