பெங்களூரிலிருந்து ஒரே மூச்சில்...

2009-ல் எங்கள் மூத்தவள் பிறக்கிற நேரம். உதவிக்கு வருவதற்காக அம்மா முதன்முறையாக விமானம் ஏறினார். கிருஷ்ணகிரியிலிருந்து தேவனஹள்ளிக்கு கார். அங்கே ஒரு விமானம். ஐரோப்பாவில் ஒரு ஊரில் இறங்கி மாறி, இங்கே சான் ஃபிரான்சிஸ்கோ. மாறுகிற இடத்தில்தான் வினை. கடைசி நேரத்தில் கேட்டை மாற்றிவிட்டார்கள். அறிவிப்பு ஆங்கிலத்திலும் அந்த ஊர் பாஷையிலும். அம்மாவுக்குத் தெரிந்தது தமிழும், சந்தையில் பேரம் பேசுகிற அளவு தெலுங்கும் கன்னடமும். பையை மடியில் வைத்துக்கொண்டு பழைய கேட்டிலேயே உட்கார்ந்திருந்தார். விமானம் போய்விட்டது.

இங்கே நான் கடைசிப் பயணி வெளியே வரும்வரை நின்று, பிறகு போனும் கையுமாக அலைந்தேன். மறுநாள்தான் வந்து சேர்ந்தார். கட்டிக்கொண்டு வந்த புளிசாதத்தைப் பிரிக்கவே இல்லை.

பெங்களூரிலிருந்து நேராக ஒரு விமானம் இருக்கக் கூடாதா என்று அன்றைக்கு நினைத்தேன். அப்படி ஒன்று வந்திருக்க வேண்டியதுதான். விமானத்துக்கு ஆர்டர்கூடக் கொடுத்திருந்தார்கள். அது ஏன் வரவில்லை, பன்னிரண்டு வருடம் கழித்து வேறொன்று எப்படி வந்தது என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில் நாமக்கல் போய் வருவோம் :)

என் சித்தப்பா அங்கே லாரி வைத்திருந்தார். புது வண்டி வாங்கும்போது அவர் கேட்கிற கேள்விகள் எனக்கு மனப்பாடம். எந்த ரூட்டுக்கு வண்டி? எவ்வளவு லோடு கிடைக்கும்? டீசல் எவ்வளவு குடிக்கும்? நம்ம டிரைவருக்கும் மெக்கானிக்குக்கும் பழகின வண்டியா? எப்போது டெலிவரி? விற்றால் என்ன விலை போகும்? விமானக் கம்பெனிகள் கேட்பதும் இதே கேள்விகள்தான். கோடிகளில் சைபர் மட்டும் கூடுதல். வித்தியாசம் என்னவென்றால், இன்றைக்கு ஆர்டர் கொடுத்தால் விமானம் வர பல வருடம் ஆகும். வந்த பிறகு இருபது வருடத்துக்கு மேல் ஓட்ட வேண்டும். ஆனால் கணக்குப் போடுவது இன்றைய எண்ணெய் விலையை வைத்து.

பெங்களூர் - சான் ஃபிரான்சிஸ்கோ நேர்கோட்டில் சுமார் 14,000 கிலோமீட்டர். இவ்வளவு தூரம் நிற்காமல் போக, 2000-களின் நடுவில் சந்தையில் இருந்தது முக்கியமாக இரண்டே வண்டி. ஏர்பஸ் ஏ340-500: நான்கு எஞ்சின், இரண்டு லட்சம் லிட்டருக்கு மேல் எரிபொருள் பிடிக்கும். போயிங் 777-200 எல்.ஆர்.: இரண்டே எஞ்சின், சுமார் 1,80,000 லிட்டர். இருபதாயிரம் லிட்டர் டேங்கர் லாரி ஒன்பது வரிசையாக நிற்பதை நினைத்துப் பாருங்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. தூரம் கூடக் கூட, எரிபொருளைச் சுமந்து போகவே எரிபொருள் செலவாகும். பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருப்பது இன்னொரு இடைஞ்சல். காற்று அடர்த்தி குறைவு என்பதால், முழு பாரத்தோடு எழும்ப விமானம் கூடுதலாக மூச்சுப் பிடிக்க வேண்டும்.

2005 மே மாதம் கிங்ஃபிஷர் பறக்கத் தொடங்கியது. பெங்களூரு யூபி குழுமத்தின் விஜய் மல்லையா அடுத்த மாதமே பாரிஸ் விமானக் கண்காட்சியில் ஏ380, ஏ350, ஏ330 என்று ஆர்டர் கொடுத்தார். 2006-ல் ஐந்து ஏ340-500 அதில் சேர்ந்தது. பெங்களூரிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு நேராகப் பறப்பதுதான் திட்டம். நான் அப்போது பெங்களூரில் வேலை பார்த்தேன். ஆபீஸ் கேன்டீனில் இதே பேச்சுதான்.

ஆனால் உள்நாட்டில் ஐந்து வருடம் ஓட்டி, 20 விமானமும் வைத்திருந்தால்தான் வெளிநாடு போகலாம் என்று அன்றைக்கு அரசு விதி. கிங்ஃபிஷருக்கு வயது போதவில்லை. கேப்டன் கோபிநாத்தின் ஏர் டெக்கான், அதுவும் பெங்களூர்க் கம்பெனிதான், 2003 ஆகஸ்டில் தொடங்கியது. அதில் பங்கு வாங்கி, 2008-ல் இணைத்துக்கொண்டு வயதைச் சரிக்கட்டினார்கள். 2008 செப்டம்பர் 3 அன்று முதல் வெளிநாட்டு விமானம் பெங்களூரிலிருந்து லண்டனுக்குப் போனது, ஏ330-ல்.

அதற்குள் காலம் மாறிவிட்டது. 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலரைத் தொட்டது. செப்டம்பரில் அமெரிக்க வங்கிகள் சரிந்தன. நான்கு எஞ்சின் வண்டிக்கு இதைவிடக் கெட்ட நேரம் கிடையாது. இரண்டு எஞ்சினில் அதே தூரம் போகிற போட்டியாளர் இருக்கும்போது யார் வாங்குவார்கள்? ஏ340-500 மொத்தமே 34 தான் விற்றது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்கூட நியூவார்க்குக்கு அதை ஓட்டிப் பார்த்து, 2013-ல் நிறுத்திவிட்டு, 2018-ல் இரண்டு எஞ்சின் ஏ350-ஐ வைத்துத்தான் மறுபடி தொடங்கியது. கிங்ஃபிஷருக்கு அந்த ஐந்தும் வரவே இல்லை. 2012 அக்டோபரில் கம்பெனியே தரையிறங்கியது. சம்பளம் வராமல் தவித்த ஊழியர்களின் கதை உங்களுக்குத் தெரியும்.

இனி ஏர் இந்தியா. 2005 டிசம்பரில் போயிங்கிடம் 68 விமானம் ஆர்டர் செய்தது. அதில் எட்டு 777-200 எல்.ஆர். வண்டித் தேர்வு என்று பார்த்தால் ஏ340-500-ஐவிடச் சரியானதுதான். 2007 ஆகஸ்டில் மும்பை - நியூயார்க் நேர் விமானம் தொடங்கியது. ஆனால் நீண்ட தூரத்துக்கென்றே செய்த விமானம், இரட்டை டேங்க் வைத்த லாரி மாதிரி. சேலம் - ஈரோடு ஓட்டினால் கட்டுப்படி ஆகாது. அந்த மாதிரி ரூட்டும், அதில் முழு விலை கொடுத்து முன்வரிசையில் உட்காரும் ஆட்களும் போதுமான அளவு வேண்டும். எட்டு விமானத்துக்கு அது அமையவில்லை. கிட்டத்தட்ட முழுக்கவும் கடனில் வாங்கியதை 2011-ல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை கடுமையாகச் சாடியது. எட்டில் ஐந்தை 2013-ல் எத்திஹாடுக்கு விற்க ஒப்பந்தம் ஆயிற்று. மூன்று மிஞ்சியது.

விற்காமல் மிஞ்சிய அந்த மூன்றுதான் கதையைத் திருப்பியது. 2015 டிசம்பரில் டெல்லி - சான் ஃபிரான்சிஸ்கோ தொடங்கியது. 2021 ஜனவரி 9 இரவு இங்கிருந்து கிளம்பிய 777-200 எல்.ஆர்., வட துருவத்தின் மேலே பறந்து 11-ம் தேதி விடியற்காலை பெங்களூரில் இறங்கியது. கேப்டன் ஜோயா அகர்வாலும் உடன் வந்த விமானிகளும் எல்லோருமே பெண்கள். 238 இருக்கை. தப்புக் கணக்கு என்று திட்டு வாங்கிய விமானம், பதினாலு வருடம் கழித்து நம் ஊருக்கு உதவியது!

இதே காலத்தில் அமெரிக்கக் கம்பெனிகளும் பெங்களூரைப் பார்த்தன. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் சியாட்டிலிலிருந்தும், யுனைடெட் சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்தும் நேர் விமானம் அறிவித்தன. கொரோனா வந்தது, பிறகு 2022-ல் ரஷ்ய வான்வெளி அமெரிக்க விமானங்களுக்கு மூடியது. இரண்டும் பறக்கவே இல்லை. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் வான்வெளி இந்திய விமானங்களுக்கு மூடியபோது ஏர் இந்தியாவுக்கும் அதே அடி விழுந்தது. சுற்றிப் போனால் நேரமும் எரிபொருளும் கூடும். 2025 செப்டம்பரில் டெல்லி - வாஷிங்டன் நிறுத்தப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம். சித்தப்பாவின் பட்டியலில் இல்லாத கேள்வி ஒன்று இப்போது சேர்ந்துவிட்டது: ரோடு திறந்திருக்குமா?

டாடா கைக்கு வந்த பின் ஏர் இந்தியா 2023 பிப்ரவரியில் 470 விமானம் அறிவித்தது. அதில் 40 ஏ350, 20 போயிங் 787-9, 10 புது 777 எக்ஸ். முதலில் வந்த ஏ350-900-கள் ரஷ்யாவின் ஏரோஃப்ளோட்டுக்கென்று ஏற்பாடானவை. தடைகளால் அங்கே போக முடியாமல் இங்கே வந்தன. சீக்கிரம் கிடைத்ததே பெரிய லாபம். 2020-ல் வருவதாகச் சொன்ன 777 எக்ஸ், 2027-க்குத் தள்ளிப் போய்விட்டது. தாளில் எவ்வளவு நல்ல விமானமாக இருந்தாலும், கையில் வராத வரை அதில் ஒரு டிக்கெட்கூட விற்க முடியாது.

இதையெல்லாம் படித்த பிறகு எனக்குப் புரிந்தது ஒன்று. நம் அம்மா அப்பாவுக்காக யாரும் விமானம் வாங்குவதில்லை. முன்வரிசையில் கம்பெனிச் செலவில் போகிறவர்களை நம்பித்தான் வாங்குகிறார்கள். அந்தக் கணக்கு தேறினால் பின்வரிசையில் நம் பெரியவர்களுக்கும் ஒரு சீட். பெங்களூர் ஐடி வேலை இல்லாவிட்டால் கிருஷ்ணகிரி அம்மாவுக்கு நேர் விமானம் இல்லை.

2023-ல் அம்மா மறுபடி வந்தார், இந்த முறை நேராக. அப்பா அதற்குள் போய்விட்டார். "மாத்தி ஏறணும்னா நான் வரலப்பா" என்று வருடக்கணக்கில் மறுத்தவர். வீல்சேரில் வெளியே வந்ததும் "கால்தான் மரத்துப்போச்சு. ஆனா எங்கயும் எறங்கச் சொல்லல" என்றார். பையில் புளிசாத டப்பா காலியாக இருந்தது.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எந்த வழியாக வருகிறார்கள்? எங்கே மாறுகிறார்கள்? எழுதுங்கள். அடுத்து வரப்போகிற யாராவது ஒரு அம்மாவுக்கு உதவும்.