பிள்ளைப்பூச்சியும் பறக்காத உறவுகளும்

தென்காசி, குற்றாலம் வட்டாரத்தில் கார், பிசான நடவுக்கு வயலில் தண்ணீர் கட்டும்போது மண்ணுக்குள்ளிருந்து மேலேறி வருவது பிள்ளைப்பூச்சி. இதன் முன்கால்கள் மண்வெட்டி போல அகன்றவை. வேரைக் கடித்துப் பயிரைக் கெடுப்பதால் உழவருக்கு இது பகை. பிள்ளைப்பூச்சிக்குக் கொடுக்கு முளைத்ததாகப் பழமொழி கேலி பேசும். கொடுக்கு முளைப்பதில்லை, வளர்ந்தபின் சிறகு முளைக்கும். மழைக்கால இரவுகளில் விளக்கைத் தேடிப் பறந்தும் வரும்.

மண்ணுக்குள் வாழும் சுவர்க்கோழி இனங்கள் அனைத்தும் இப்படிப் பறப்பவை அல்ல. கங்கை, பிரம்மபுத்திரா ஆற்றங்கரை மணலில் வளை தோண்டி வாழும் சிசோடாக்டைலஸ் மான்ஸ்ட்ரோசஸ் இதன் தூரத்து உறவு. லண்டன் வெள்ளிக் கொல்லரும் பூச்சி சேகரிப்பாளருமான ட்ரூ ட்ரூரி 1770களில் இதற்குப் பெயரிட்டார். சிறகு நீளமானதுதான், ஆனால் நுனி கடிகார வில் போலச் சுருண்டிருக்கும். மணலில் புதையாதபடி பாதங்களில் அகன்ற மடல்கள் உண்டு. பகலில் வளைக்குள் இருந்து, இரவில் வெளிவந்து பிற பூச்சிகளை வேட்டையாடும். தன் இனத்தையே தின்பதும் உண்டு.

இதே குடும்பத்தைச் சேர்ந்த காமிகஸ் தென் ஆப்பிரிக்கப் பகுதி மணலில் வாழ்கிறது. அதற்குச் சிறகே இல்லை. மணற்பரப்பு அழிந்தால் அது வேறிடம் பறந்து போக முடியாது.

அப்படியானால் இக்குடும்பம் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பரவியது எப்படி? பிரேசில் நாட்டுக் கிராட்டோ பாறையில் கிடைத்த, 11 கோடி ஆண்டுகளுக்கும் பழைய புதைபடிவம் ஒன்று சிசோடாக்டைலஸ் பேரினத்தைச் சேர்ந்தது என 2011இல் ஆய்வாளர்கள் வகைப்படுத்தினர். இன்று தென் அமெரிக்காவில் இக்குடும்பம் இல்லை. கண்டங்கள் முழுதாகப் பிரியுமுன்பே இவை பரவியிருந்தன என்பதற்கு அந்தக் கல்லே சாட்சி.