மூப்பும் தகுதியும்: வயதைச் சுட்டும் ஆங்கிலச் சொற்களின் பொருள் வரலாறு

வயதைச் சொல்லும் ஆங்கிலச் சொற்கள் பலவும் ஒருகாலத்தில் தகுதியையும் சேர்த்தே சொல்லின. பின்னாளில் இவ்விரண்டும் பிரிந்தன. அந்தப் பிரிவில் ஓர் ஒழுங்கு தெரிகிறது: பதவியைப் பற்றிக்கொண்ட சொல் வயதை உதறியது, வயதோடு நின்ற சொல் மதிப்பை இழந்தது.

முதலில் ‘ஓல்டு’. ஊட்டி வளர்த்தல், வளர்தல் என்ற பொருள்களைக் கொண்ட ஒரு தொல்வேரிலிருந்து வந்த இச்சொல்லின் பழம்பொருள் ‘வளர்ந்தது’ என்பதே. அதே வேர் லத்தீனில் வினையாகி, ‘அடோலசன்ட்’, ‘அடல்ட்’ என்னும் இரு சொற்களைத் தந்தது. முன்னது வளர்ந்துகொண்டிருப்பவரையும் பின்னது வளர்ந்து முடிந்தவரையும் குறிக்கிறது. விடலையும் கிழவரும் ஒரே வேரில் பெயர் பெற்றிருக்கிறார்கள். தேய்வு என்னும் கருத்து அந்த வேரில் அறவே இல்லை.

பழைய ஆங்கிலத்தில் ‘எயால்டர்’ என்றால் மூத்தவர், தலைவர். ஆல்ஃபிரட் மன்னர் காலத்தில் ஒரு வட்டாரத்தை ஆண்டவரின் பட்டம் ‘எயால்டர்மேன்’. 11ஆம் நூற்றாண்டில் டேனிய ஆட்சியில் அப்பொறுப்பு ‘ஏர்ல்’ என்ற பட்டத்துக்குப் போய்விட, பழைய பட்டம் நகர மன்றங்களுக்கு இறங்கி ‘ஆல்டர்மேன்’ ஆனது. 1688 செப்டம்பர் 29 அன்று தொடங்கிய சென்னை மாநகராட்சியிலும் மேயருடன் 12 ஆல்டர்மேன்கள் இருந்தனர். அதற்குள் அச்சொல் பதவிப் பெயராக மட்டுமே எஞ்சியிருந்தது. கிரேக்கத்தில் ‘மேலும் மூத்தவர்’ என்று பொருள்பட்ட சொல்லே ஆங்கிலத்தில் ‘பிரீஸ்ட்’ ஆயிற்று. ஆனால் இங்கிலாந்துத் திருச்சபையின் பொது வழிபாட்டு நூல் குருவாவதற்குக் கேட்ட வயது 24தான்.

இந்த ஒழுங்கை மிகத் தெளிவாகக் காட்டுவது, கிழவரைக் குறித்த ‘செனெக்ஸ்’ என்னும் லத்தீன் சொல்லின் குடும்பம். ரோமின் ‘செனட்’ முதியோர் அவை. ‘இன்னும் மூத்தவர்’ என்ற பொருளுடைய ‘சீனியர்’ பிரெஞ்சு வழியே தேய்ந்து ‘சர்’ ஆனது. இன்று பள்ளிப் பிள்ளைகள் இளம் ஆசிரியரையும் அப்படித்தான் அழைக்கிறார்கள். உடன்பிறந்த ‘சினைல்’ 17ஆம் நூற்றாண்டில் ‘முதுமைக்குரிய’ என்று மட்டுமே பொருள்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் அது மூளைத் தளர்ச்சியின் பெயராயிற்று. இன்று ஒருவரை அச்சொல்லால் குறிப்பது வசை. ஒரே வேரிலிருந்து ஒன்று மரியாதையாகவும் மற்றொன்று இழிவாகவும் பிரிந்ததற்கு இதைவிடத் துல்லியமான சான்று எனக்குத் தெரியவில்லை.

மதிப்பிழந்த வயதுக்கு மதிப்பை மீட்டுத்தர அரசியலும் முயன்றது. 1938இல் கலிபோர்னியாவில் செனட் தேர்தலில் நின்ற ஷெரிடன் டவுனி, முதியோர் ஓய்வூதியத்தை முன்வைத்து வாக்குக் கேட்டார். ‘சீனியர் சிட்டிசன்’ என்ற தொடர் பதிவானது அவருடைய பிரசாரத்தைப் பற்றிய பத்திரிகைச் செய்தியில்தான். டவுனி வென்றார், தொடரும் நிலைத்தது.

வயதுக்கும் தேர்ச்சிக்கும் சட்டமே முடிச்சுப் போட்ட காலமும் உண்டு. இங்கிலாந்தின் 1563ஆம் ஆண்டுச் சட்டம் தொழில் பழகுநருக்குக் குறைந்தது ஏழாண்டுப் பயிற்சியை விதித்தது. நகரங்களில் 24 வயதுக்கு முன் அப்பயிற்சி முடியக் கூடாது என்றும் சொன்னது. பயிற்சி முடித்துக் கூலிக்கு உழைத்தவர் ‘ஜர்னிமேன்’. நாள் என்னும் பிரெஞ்சுச் சொல்லே இதற்கு மூலம். பயணத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. 1814இல் பயிற்சி விதிகள் நீக்கப்பட்டபோது அந்த முடிச்சும் அவிழ்ந்தது.

‘வெட்டரன்’ என்பது பழையது எனப் பொருள்படும் ‘வெட்டுஸ்’ வழி வந்தது. நம் பஞ்சாங்கத்தின் ‘சம்வத்சரம்’ கொண்டுள்ள ‘வத்சர’மும் அதே தொல்வேரினது. ரோமில் இது சேவைக்காலம் முடித்த படைவீரரைக் குறித்தது. அமெரிக்காவிலோ, படையில் பணியாற்றி முறையாக விலகிய எவரும் வெட்டரன். வயது இருபத்திரண்டாகவும் இருக்கலாம். 1954இல் அங்கே போர்நிறுத்த நாள் ‘வெட்டரன்ஸ் டே’ எனப் பெயர் மாற்றப்பட்டதும் இப்பொருளில்தான்.

ஆகவே செய்திகளை மொழிபெயர்ப்போருக்கு ஒரு வேண்டுகோள்: ‘சீனியர்’, ‘வெட்டரன்’ என்று கண்டதும் ‘மூத்த’ என எழுதிவிடாதீர்கள். சொல்லப்படுவது வயதா, பதவிநிலையா, முடித்த பணியா என்று பாருங்கள். அமெரிக்க வெட்டரன் தமிழில் முன்னாள் படைவீரர்.