குண்டு பல்பும் கிதார் பெட்டியும்

கிதார் உலகில் லியோ ஃபெண்டர் பெரிய பெயர். ஆனால் அவருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது. கலிபோர்னியா நெடுஞ்சாலைத் துறையில் கணக்கு எழுதியவர், நம்மைப் போல் குமாஸ்தா வர்க்கம்! மந்த காலத்தில் வேலை போய், 1938-இல் ஃபுல்லர்டன் என்ற ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்தார். அங்கே கைவந்த வித்தைதான் பிறகு கிதார் ஆம்ப்ளிஃபயர் ஆயிற்று. 1962-இல் லண்டனில் ஜிம் மார்ஷலின் கடைக்காரர்கள் ஃபெண்டரின் பாஸ்மேன் பெட்டியைப் பார்த்துச் செய்ததுதான் முதல் மார்ஷல்.

பிறப்பு ரேடியோ மேசையில் என்பதால், சோதிக்கும் வழியும் ரேடியோக்காரர் வழியே. பழைய ரேடியோ கடைகளில் ஒரு பலகையில் ஹோல்டரும் பிளக்கும் பொருத்தி, சீரியஸில் ஒரு குண்டு பல்பு தொங்கும். உங்களில் பலருக்கு நினைவிருக்கும். நான் படித்த பிரெஞ்சில் வால்வுக்கே 'லாம்ப்' என்றுதான் பெயர். ஆக, விளக்கை விளக்கால் சோதிக்கிறார்கள்!

பழுதான பெட்டியை நேரே மின்சாரத்தில் செருகினால் ஃபியூஸ் போகும், சமயத்தில் டிரான்ஸ்ஃபார்மரே போகும். பல்பு வழியாகச் செருகினால் அந்த வேகம் பல்போடு நின்றுவிடும். பளிச்சென்று எரிந்து அப்படியே நின்றால் உள்ளே ஷார்ட். ஒரு கணம் எரிந்து மங்கினால், அநேகமாகப் பெரிய ஷார்ட் இல்லை. ஆனால் பல்பு காப்பது பெட்டியை மட்டும், தொடுகிறவனை அல்ல. ஸ்பீக்கரை இணைக்காமல் வால்வுப் பெட்டியை ஓட்டவும் கூடாது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகலாம்.

ஸ்விட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆபத்து தீர்ந்துவிடாது. உள்ளே ஃபில்டர் கண்டென்சர்கள் 400 வோல்ட்டுக்கு மேலும் பிடித்து வைத்திருக்கும், நிலுவைக் கோப்பு மாதிரி. தக்க ரெசிஸ்டர் வழியாக அதை இறக்கி, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். பெட்டி உயிரோடு இருக்கையில் அளக்க நேர்ந்தால் ஒரு கையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வது அந்தக் காலத்து வழக்கம். கைக்குக் கை மின்சாரம் பாய்ந்தால் அது நெஞ்சைக் கடந்துதானே போகும்?

பழைய அமெரிக்கப் பெட்டிகளுக்கு இரண்டு பின்தான், எர்த் கிடையாது. இரைச்சலைக் குறைக்க, மின் கம்பிக்கும் சேசிஸுக்கும் நடுவே ஒரு சிறு கண்டென்சர் வைத்தார்கள். அது ஷார்ட் ஆனால் கிதார் கம்பி வரை கரண்ட். மெக்கானிக்குகள் அதற்கு வைத்த பெயரே 'சாவுக் கண்டென்சர்'.

எர்த் கோளாறு மேடையில் எந்தப் பக்கமிருந்தும் வரலாம். 1965-இல் சாக்ரமென்டோ மேடையில் கீத் ரிச்சர்ட்ஸின் கிதார் மைக் கம்பத்தில் பட்டு, அவர் நினைவிழந்து விழுந்தார், பிழைத்தார். 1972-இல் ஸ்வான்சீயில் லெஸ்லி ஹார்வி, கிதாரோடு எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார். 1976-இல் யார்ட்பேர்ட்ஸ் பாடகர் கீத் ரெல்ஃப் தன் வீட்டிலேயே எர்த் இல்லாத கிதாரால் போனார். வயது 33.

இதற்குப் பிறகும் 'ம்ம்' என்ற இரைச்சல் போகட்டும் என்று மூன்றாவது பின்னை உடைத்து வாசிப்பவர்கள் உண்டு. உங்கள் பேரன் அப்படிச் செய்தால், இரைச்சலோடு வாசிக்கட்டும், பின் இருக்கட்டும் என்று சொல்லுங்கள். பரண்மேல் 100 வாட் குண்டு பல்பு கிடந்தால் எறிந்துவிட வேண்டாம். இந்த வேலைக்கு எல்.இ.டி. பல்பு உதவாது.