நில உபயோக உரிமை இழப்பீடு (கொங்கு நாடு)

நில உபயோக உரிமை இழப்பீடு என்பது, தனியார் நிலத்தின் உடைமையை எடுத்துக்கொள்ளாமல் அதன் பயன்பாட்டை மட்டும் அரசு பொதுத் தேவைக்காக எடுக்கும்போது நில உரிமையாளருக்கு வழங்கப்படும் தொகை ஆகும். பட்டா உழவர் பெயரிலேயே தொடர்வதால், இது நிலக் கையகப்படுத்தலில் இருந்து வேறுபட்டது. கோயம்புத்தூர் உள்ளிட்ட கொங்கு மாவட்டங்களில் எரிவாயுக் குழாய், உயரழுத்த மின்தடம் ஆகிய திட்டங்களால் இது பெரும் சிக்கலாக உருவெடுத்தது.

சட்டம்

குழாய்த் திட்டங்களுக்கு 1962 ஆம் ஆண்டின் பெட்ரோலியம், கனிமக் குழாய்கள் சட்டம் பொருந்தும். அறிவிக்கை வெளியான 21 நாட்களுக்குள் உரிமையாளர் ஆட்சேபம் தெரிவிக்கலாம். குடியிருப்பு நிலத்திலும் நிலையான கட்டடம் உள்ள நிலத்திலும் குழாய் பதிக்க இயலாது. குழாய் பதித்த பின் அந்நிலத்தில் பயிர் செய்யலாம்; ஆனால் கட்டடம் கட்டுதல், கிணறு அல்லது குளம் வெட்டுதல், மரம் நடுதல் ஆகியவை தடை செய்யப்பட்டுள்ளன.

இழப்பீடு இரு வகைப்படும். வெட்டப்படும் மரங்கள், அழியும் பயிர் முதலிய சேதங்களுக்கு ஒன்று. உபயோக உரிமைக்காக நிலத்தின் சந்தை மதிப்பில் 10 விழுக்காடு மற்றொன்று. தொகையை ஏற்காதவர் மாவட்ட நீதிபதியிடம் முறையிடலாம். 10 இலட்சம் ரூபாய் மதிப்புள்ள நிலத்திற்கு இரண்டாம் வகையில் கிடைப்பது 1 இலட்சம் மட்டுமே. நெல் வயலைவிடத் தென்னந்தோப்புக்கே இச்சட்டம் கடுமையானது. நெல்லை அடுத்த பருவத்தில் மீண்டும் பயிரிடலாம். பல பத்தாண்டுகள் காய்க்கக்கூடிய தென்னையை அவ்விடத்தில் மீண்டும் நட முடியாது.

இதற்கு மாறாக, முழு நிலத்தையும் கையகப்படுத்தும்போது 2013 ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டப்படி, ஊரகப் பகுதிகளில் சந்தை மதிப்பு 2 மடங்கு வரை பெருக்கப்பட்டு, அதன்மீது 100 விழுக்காடு ஆறுதல் தொகையும் சேர்க்கப்படுகிறது.

கெயில் குழாய் வழக்கு

கொச்சியிலிருந்து பெங்களூருக்குக் கெயில் நிறுவனம் திட்டமிட்ட எரிவாயுக் குழாய், தமிழ்நாட்டில் கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருட்டிணகிரி ஆகிய 7 மாவட்டங்களில் சுமார் 310 கி.மீ. செல்வதாக இருந்தது. எடுக்கப்படும் பாதையின் அகலம் 20 மீட்டர். ஒரு தோட்டத்தில் 200 மீட்டர் நீளத்திற்குக் குழாய் சென்றால் ஏறத்தாழ 1 ஏக்கர் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிடும். சிறு உழவர் பலருக்கு மொத்த நிலமே அதனினும் சற்றுக் கூடுதல்தான். ஆகவே இழப்பீட்டை உயர்த்துவதைவிட, குழாயை நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுசெல்ல வேண்டும் என்பதே உழவர்களின் முதன்மைக் கோரிக்கையாயிற்று.

இக்கோரிக்கையை ஏற்றுத் தமிழக அரசு 2013 இல் பாதையை மாற்றப் பணித்தது. மையச் சட்டத்தின்படி அமையும் பாதையை மாற்ற மாநிலத்துக்கு அதிகாரமில்லை எனச் சென்னை உயர் நீதிமன்றம் அவ்வாணையை அதே ஆண்டு நவம்பரில் நீக்கியது. மாநில அரசின் மேல்முறையீட்டை 2016 பெப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் தள்ளுபடி செய்தது. பின்னர் இருகூர்–தேவனகொந்தி எண்ணெய்க் குழாய்த் திட்டத்திலும் இதே சாலையோரக் கோரிக்கை எழுந்தது.

மின்தடங்கள்

ராய்கர்–புகளூர் 800 கிலோவோல்ட் மின்தடத்தை எதிர்த்து 2018 இறுதியில் கொங்கு மாவட்டங்களில் உழவர்கள் உண்ணாநிலைப் போராட்டம் நடத்தினர். மின்தடங்களுக்கு மைய மின்துறை 2015 இல் வெளியிட்ட வழிகாட்டுதல், கோபுரம் நிற்கும் இடத்திற்கு நில மதிப்பில் 85 விழுக்காடும், கம்பிகளுக்குக் கீழுள்ள பாதைக்கு அதிகபட்சம் 15 விழுக்காடும் பரிந்துரைத்தது. 2024 சூனில் இவை முறையே 200, 30 விழுக்காடாக உயர்த்தப்பட்டன. இவை வழிகாட்டுதல்களே என்பதால் நடைமுறைப்படுத்துவது மாநில அரசுகளைப் பொறுத்தது.